பொட்டென்ஷியல் 80 உள்ள குதிரை 74-லேயே நிற்கிறது, ஊட்டி லெவலுக்கு ஏறவில்லை

கோத்தகிரி_மட்டக்குதிரை
நண்பர்கள் சேர்ந்து கூகுள் ஷீட்டில் குதிரை ஷோ விளையாட்டு நடத்துகிறோம். லெவல்கள்: மேட்டுப்பாளையம், கல்லாறு, பர்லியாறு, குன்னூர், ஊட்டி. நுழையத் தேவையான திறன் முறையே 0, 30, 45, 60, 75. ஒவ்வொரு குதிரைக்கும் பிறக்கும்போதே ஒரு பொட்டென்ஷியல் உண்டு. திறன் அதைத் தாண்டாது. அந்த உச்சத்துக்கு இன்னும் எவ்வளவு பாக்கியோ, அதில் 8 சதவீதம் ஒரு பயிற்சிக்கு ஏறும்.

மின்னல் என்ற பெட்டைக்குப் பொட்டென்ஷியல் 80. திறன் 40-இல் தொடங்கி 74 வரை வந்தது, அப்புறம் அசையவே இல்லை. பொட்டென்ஷியல் 62 உள்ள குதிரை 56-இல் நிற்கிறது. இது போக, மின்னலின் குட்டிக்கு வந்த பொட்டென்ஷியல் ஷீட்டைத் தொடும்போதெல்லாம் மாறுகிறது. எங்கே கோளாறு?

கொடை_மூடுபனி
இரண்டுமே உச்சத்துக்குச் சரியாக 6 குறைவாக நிற்கின்றன பாருங்க, அதுதான் துப்பு. உயர்வுக்கு ரவுண்ட் (தசமத்தை முழு எண்ணாக்கும் ஃபார்முலா) போட்டிருப்பீங்க. பாக்கி 7 இருந்தால் 8 சதவீதம் 0.56, ரவுண்டில் 1 ஆகும். பாக்கி 6 என்றால் 0.48, அது 0 ஆகிவிடும். பயிற்சி நடக்கிறது, ஆனால் ஏறுவது பூஜ்யம்.

கோத்தகிரி_மட்டக்குதிரை
ஆமாங்க, ரவுண்ட் இருக்கு. எடுத்துவிட்டால் மின்னல் எத்தனை பயிற்சியில் 75 தொடும்?

கொடை_மூடுபனி
40-இலிருந்து 25 பயிற்சி. ஒன்று கவனிங்க: 24-ஆவது பயிற்சியில் திறன் 74.59. செல்லில் தசமம் காட்டாமல் வைத்திருந்தால் 75 என்று தெரியும், கதவு மட்டும் திறக்காது. அடுத்த புகார் அதுவாகத்தான் வரும். ஒரு தசமமாவது காட்டுங்க.

உங்க ஃபார்முலா நல்ல ஃபார்முலாதான், மாற்ற வேண்டாம். அதே 40-இல் தொடங்கினால் பொட்டென்ஷியல் 90 உள்ள குதிரை 15 பயிற்சியில் ஊட்டி போகும், 76 உள்ளதுக்கு 43 ஆகும், 75 உள்ளது போகவே போகாது. ஆக பொட்டென்ஷியல் என்பது உச்சம் மட்டும் இல்லை, வேகமும் அதுதான். ஆடுபவர்களுக்கு இதை முதலிலேயே சொல்லிவிடுங்க. 78-க்குக் கீழே உள்ள குதிரையை ஊட்டிக்காக வளர்ப்பது வீண் செலவு. குன்னூரிலேயே பரிசு வாங்கட்டும்.

லவ்டேல்_லாயம்
குட்டி விஷயம்: குலுக்கல் மாதிரி ஒரு எண் எடுக்கும் ராண்ட்பிட்வீன் (RANDBETWEEN) ஃபார்முலா, ஷீட்டில் எந்தச் செல்லை மாற்றினாலும் புது எண் போடும். குட்டி பிறந்ததும் அந்தச் செல்லைக் காப்பி செய்து, அதே இடத்தில் கன்ட்ரோல் ஷிஃப்ட் வி அழுத்துங்க. மதிப்பு மட்டும் ஒட்டும், ஃபார்முலா போய்விடும்.

பெற்றோர் சராசரியோடு எவ்வளவு கூட்டிக் குறைக்கிறீங்க?

கோத்தகிரி_மட்டக்குதிரை
6 வரை. தாய் 80, பொலிக்குதிரை 66.

லவ்டேல்_லாயம்
சராசரி 73, அதிகபட்சம் 79. குட்டி தாயை மிஞ்ச வழியே இல்லை! 10 ஆக்கினால் 63 முதல் 83 வரை வரும். 100-க்கு மேல் போகாமல் இரண்டில் சிறியதை எடுக்கும் மின் (MIN) ஃபார்முலாவால் பூட்டிவிடுங்க, நாலைந்து தலைமுறையில் தேவைப்படும்.

கொடை_மூடுபனி
நடுவர் மதிப்பெண்ணிலும் அதே கணக்கு. திறனோடு ±5-க்குள் குலுக்கலில் வரும் ஒரு எண்ணைச் சேர்த்தால், 79 உள்ள குதிரை 92 உள்ளதை ஒருநாளும் ஜெயிக்காது. ±10 என்றால் நேருக்கு நேர் நூற்றில் சுமார் ஆறு முறை ஜெயிக்கும். ஊட்டிக்கு ±10 வைங்க, கீழ் லெவல்களுக்கு ±5 போதும்.

குன்னூர்_சேணம்
நிஜ டிரெசாஜிலும் (குதிரையின் நடையழகையும் பழக்கத்தையும் பார்த்து மதிப்பெண் போடும் போட்டி) திறனும் பொட்டென்ஷியலும் தனித்தனிதான். சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பான எஃப்இஐ நடத்தும் ஐந்து வயதுக் குதிரைப் போட்டியில் நடை, டிராட் (துள்ளுநடை), கேன்டர் (மெதுவான பாய்ச்சல்), பணிவு, கடைசியாக அந்தக் குதிரைக்கு உள்ள எதிர்காலம் என்று ஐந்து மதிப்பெண். அங்கே 7.8 மாதிரி தசமமும் போடுவார்கள். டிரெசாஜின் உச்ச லெவலான எஃப்இஐ கிராண்ட் பிரீக்கு குதிரைக்குக் குறைந்தது 8 வயது ஆகியிருக்க வேண்டும். உங்க ஊட்டி லெவலுக்கும் ஒரு வயது வரம்பு வைத்தால், 90 உள்ள குட்டிகள் 15 பயிற்சியில் ஓடி வந்து இடத்தைப் பிடிப்பது நிற்கும்.

கோத்தகிரி_மட்டக்குதிரை
ரவுண்டை எடுத்தாச்சு. ஒரு பயிற்சியில் மின்னல் 74.48. குட்டியின் எண்ணும் நிலைத்துவிட்டது. வயது வரம்பைப் பற்றி மற்றவர்களிடம் கேட்டுவிட்டுச் சொல்கிறேன், 90 வைத்திருப்பவர் சண்டைக்கு வருவார்.