சாட்ஸ்வர்த்தில் 60 வீட்டுக்கு வயர்லெஸ் இன்டர்நெட்: எதில் தொடங்குவது?

சிகரம்_யூனிட்7:
வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இருக்கும் சாட்ஸ்வர்த்தின் மேற்கு விளிம்பில், பள்ளத்தில் இருக்கும் சில தெருக்களுக்கு ஃபைபர் இன்னும் வரவில்லை. கேட்டுப் பார்த்ததில் 60 வீடுகள் தயார். மேட்டில் ஒரு கோயில் இருக்கிறது, அதன் கூரையைத் தர நிர்வாகக் குழுவுக்குச் சம்மதம். ஃபைபர் கிடைக்கிற கட்டடம் அங்கிருந்து 5 கிலோமீட்டர், நேர்ப்பார்வை உண்டு. லைசென்ஸ், ரேடியோ, பேட்டரி எல்லாவற்றையும் எந்த வரிசையில் செய்வது? நெட்வொர்க்குகள் நேரடியாக டிராஃபிக் மாற்றிக்கொள்ளும் மையமான நேப்ஆப்பிரிக்காவில் தொடக்கத்திலேயே சேர வேண்டுமா?

கம்பியில்லாத்_தம்பி:
லைசென்ஸை முடித்துவிட்டுப் பெட்டி வாங்குங்கள் அண்ணா. சொந்த வலை கட்டுவதால் இசிஎன்எஸ் (வலையமைப்பு லைசென்ஸ்), சேவை விற்பதால் இசிஎஸ் (சேவை லைசென்ஸ்), இரண்டுமே தேவை. ‘கிளாஸ்’ வகை லைசென்ஸ் போதும், தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான இகாசாவிடம் பதிவு செய்தால் கிடைக்கும். ‘இண்டிவிஜுவல்’ வகை இசிஎன்எஸ்ஸுக்கு அமைச்சரின் கொள்கை ஆணை வந்தால்தான் விண்ணப்பமே வாங்குவார்கள், அந்தப் பக்கம் போகாதீர்கள். ரேடியோ ஒவ்வொன்றுக்கும் இகாசாவின் டைப் அப்ரூவல் (அந்த மாடலுக்கான அனுமதி) இருக்கிறதா என்று பாருங்கள். தகவல்தொடர்பு இடைமறிப்புச் சட்டமான ரீகாவின்படி, வாடிக்கையாளரோடு ஒப்பந்தம் போடும் முன்பே பெயர், அடையாள எண், முகவரி வாங்கிச் சரிபார்க்க வேண்டும்.

5 கிலோமீட்டர் இணைப்புக்குக் கணக்கு இது. 5.5 கிகாஹெர்ட்ஸில் வெட்டவெளி இழப்பு சுமார் 121 டெசிபல். 5470–5725 மெகாஹெர்ட்ஸில் ஆன்டெனாவோடு சேர்த்து 1 வாட், அதாவது 30 டிபிஎம்தான் வரம்பு. 25 டிபிஐ பெருக்கம் தரும் டிஷ் வைத்தால் ரேடியோவிலிருந்து 5 டிபிஎம் மட்டுமே விட வேண்டும். எதிர்முனையிலும் அதே டிஷ் என்றால் −66 டிபிஎம் சிக்னல் வரும், அது போதும். பலர் பவரை முழுக்கத் திருகி வைக்கிறார்கள். அது விதிமீறல், பக்கத்து மேட்டில் இருப்பவனுக்கும் இரைச்சல்.

கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் போதாது. சிக்னல் பரவிச் செல்லும் பகுதியின் (ஃப்ரெனல்) ஆரம் நடுவழியில் 8 மீட்டருக்கு மேல், அதில் 60 சதவீதமாவது, அதாவது 5 மீட்டர், காலியாக இருக்க வேண்டும். வழியில் மாமரம் இருந்தால் அது வளரும், மழையில் நனைந்தால் இன்னும் மோசம். டிஎஃப்எஸ் சேனல் (ரேடாரும் பயன்படுத்துவது) என்றால் ரேடியோ முதலில் 60 விநாடி ரேடார் இருக்கிறதா என்று காது கொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் பேசும். ரீபூட் ஆனதும் லிங்க் வரவில்லை என்று பதற வேண்டாம்.

பாக்கெட்_பிள்ளை:
தம்பி சொன்னது சரி. ஆனால் இந்தத் தொழிலில் பெயர் கெடுவது செக்டரில்தான், அதாவது கூரையிலிருந்து ஒரு திசையில் உள்ள வீடுகளுக்கு சிக்னல் தரும் ரேடியோவில். 20 மெகாஹெர்ட்ஸ் சேனலில், சிக்னல் நன்றாக இருந்தால், ஒரு ஏசி (802.11ac வைஃபை வகை) செக்டர் உண்மையில் தருவது 80–100 எம்பிபிஎஸ். பெட்டியில் அச்சிட்ட எண்ணை நம்பி விற்காதீர்கள். 60 வீட்டுக்கு மூன்று செக்டர், ஒவ்வொன்றிலும் 20 வீடு. ஒரே ஒரு வீடு −78 டிபிஎம் சிக்னலில் தொங்கினாலும் மொத்த செக்டரும் இழுபடும். ஏனென்றால் அந்த வீட்டின் ரேடியோ அதே பாக்கெட்டை அனுப்ப மற்றவர்களைவிடப் பல மடங்கு நேரம் காற்றைப் பிடித்துக்கொள்கிறது. −65-க்குக் கீழே போகிற வீட்டுக்கு ‘இப்போதைக்கு முடியாது’ என்று சொல்லிவிடுங்கள், அல்லது பக்கத்து வீட்டுக் கூரையிலிருந்து தனி லிங்க் கொடுங்கள். கேட்கிறவர் வருத்தப்படுவார், ஆனால் மீதி 19 வீடு தப்பிக்கும்.

உச்ச நேரத்தில் வீட்டுக்கு 2.5 எம்பிபிஎஸ் வீதம் 150. ஃபைபர் பக்கம் 200 எம்பிபிஎஸ் வாங்குங்கள். நேப்ஆப்பிரிக்காவில் போர்ட்டுக்குக் கட்டணம் இல்லை என்பது உண்மைதான். ஆனால் உங்கள் நெட்வொர்க்குக்கென ஏஎஸ் எண் வேண்டும், டெராகோ டேட்டா சென்டரின் ரிவர்ஹார்ஸ் வேலி கட்டடம் வரை லைன் இழுக்க வேண்டும், அங்கே கிராஸ் கனெக்ட் (கட்டடத்துக்குள் இணைக்கும் கேபிள்) வேண்டும். 60 வீட்டுக்கு அது கட்டுப்படியாகாது, சில நூறு வீடு சேர்ந்ததும் பாருங்கள்.

ஐபி முகவரிக்கு சிஜிநாட் (பல வீடுகள் ஒரே பொது ஐபியைப் பகிர்வது) போதும். உள்ளே 100.64.0.0/10 முகவரிகள், வீட்டுக்கு 2000 போர்ட் எண்கள் நிரந்தரமாக ஒதுக்குங்கள். ஒரு பொது ஐபியில் 32 வீடு அடங்கும், ஆக இரண்டு ஐபி. நிரந்தர ஒதுக்கீடு என்றால், ‘இந்த நேரத்தில் இந்த ஐபியில், இந்தப் போர்ட்டில் யார்’ என்று சட்டப்படி கேட்டால், மலைபோல் லாக் சேமிக்காமலே பதில் சொல்லலாம். கூடவே வீட்டுக்கு ஒரு ஐபிவி6 /56 முகவரித் தொகுதி கொடுங்கள்.

பிபிபிஓஇ (வாடிக்கையாளர் லாகின் செய்து இணையும் முறை) ஓட்டினால் எம்டியூ, அதாவது பாக்கெட்டின் உச்ச அளவு, 1492 பைட். எம்எஸ்எஸ்ஸை (பாக்கெட்டுக்குள் டேட்டாவின் உச்ச அளவு) 1452-க்குக் கட்டாவிட்டால் பிங் போகும், சில தளங்கள் மட்டும் பாதியில் நிற்கும். வாடிக்கையாளர் ‘பேங்க் மட்டும் திறக்கவில்லை’ என்பார். அங்கே முதலில் பாருங்கள்.

சிகரம்_யூனிட்7:
மிக்க நன்றி. கோயில் கூரையில் மின்சாரம் எப்படி? லோட்ஷெட்டிங் குறைந்தாலும் கேபிள் திருட்டில் அரை நாள் போகிறது.

கம்பியில்லாத்_தம்பி:
ரூட்டர், மூன்று செக்டர், ஒரு லிங்க் எல்லாம் சேர்த்து 60 வாட் என்று வையுங்கள். 25.6 வோல்ட் 50 ஏஎச் லித்தியம் அயன் பாஸ்பேட் பேட்டரி 1280 வாட்-மணி. 80 சதவீதம் பயன்படுத்தினால் 17 மணி நேரம். இன்வெர்ட்டர் வேண்டாம், டிசியிலேயே ஓட்டுங்கள், இழப்பு குறையும். ஒரு எச்சரிக்கை: நிறையும்போது பேட்டரி 29 வோல்ட்டைத் தொடும். சில 24 வோல்ட் ரேடியோக்கள் அதைத் தாங்காது, நடுவில் ரெகுலேட்டர் போடுங்கள். கரண்ட் வந்த பிறகு அடுத்த வெட்டுக்குள் நிறைய வேண்டும், அதனால் 10 ஆம்பியர் சார்ஜர்.

உப்புக்காற்று சாட்ஸ்வர்த்தில் கடலோர மெர்பேங்க் அளவு இருக்காது, ஆனாலும் உண்டு. கிகாபிட் நான்கு ஜோடிக் கம்பியிலும் ஓடுகிறது. கேபிளின் ஆர்ஜே45 பிளக்கில் ஒரு பின் பச்சை பிடித்தாலே போர்ட் 100 எம்பிபிஎஸ்ஸுக்கு இறங்கிவிடலாம். கேபிள் அறுந்திருக்காது, எல்இடியும் எரியும், வேகம் மட்டும் இருக்காது. வெளிப்புற ஷீல்டு கேபிள் போடுங்கள். ரேடியோவுக்குள் நுழையும் முன் கீழே ஒரு தொங்கல் விட்டு மேலேற்றுங்கள், தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். கம்பத்தை எர்த் செய்து இரு முனையிலும் மின்னழுத்தப் பாய்ச்சலைத் தடுக்கும் சர்ஜ் அரெஸ்டர் வையுங்கள்.

பாக்கெட்_பிள்ளை:
கோயில் குழுவோடு வாய்ச்சொல் போதாது, எழுதி வாங்குங்கள். 60 வாட் மாதம் 43 யூனிட், அதை யார் கட்டுவது? சாவி யாரிடம், இரவில் ஏறலாமா? தைப்பூசக் காவடி, தீமிதி நாட்களில் வளாகம் நிரம்பி வழியும். அந்த நாட்களில் கூரைக்கு எந்த வழியாக ஏறுவது என்பதையும் அதிலேயே எழுதுங்கள். குழு மாறினாலும் ஒப்பந்தம் செல்லும்படி கோயில் அறக்கட்டளையின் பெயரில் கையெழுத்து வாங்குங்கள், தலைவர் பெயரில் வேண்டாம்.