புதுப்பிப்பு: சவடால் தீயணைப்பு வீரன் படம் கிடைத்துவிட்டது

உதவிய எல்லோருக்கும் நன்றி. வாய்ச்சவடால் அடிக்கும் ஒருவன் தீயணைப்புப் படையில் சேர்ந்து, கேப்டனின் தங்கையையே காதலிக்கும் கறுப்பு வெள்ளை ஹாலிவுட் படத்தின் பெயர் கேட்டிருந்தேன்.

சிலர் சொன்ன, நகைச்சுவை நடிகர் ஜோ இ. பிரவுனின் 1932 படம் இல்லை. அதில் நாயகன் பேஸ்பாலும் ஆடுவான். 'நடிகை ஆன் ஷெரிடன் வார்னர் பிரதர்ஸ் ஸ்டுடியோவுக்கு நடித்த ஆரம்பகாலப் படங்களில் தேடுங்கள்' என்ற யோசனைதான் கைகொடுத்தது. படம் 'ஷி லவ்டு எ ஃபயர்மேன்', 1937. சவடால் ஆசாமி டிக் ஃபோரன். கேப்டனாக வருபவர் ராபர்ட் ஆம்ஸ்ட்ராங். 'கிங் காங்'கில் அந்தக் குரங்கை நியூயார்க் மேடையில் சங்கிலியோடு நிறுத்திப் பெருமையடித்தாரே, அவரேதான்! இதில் அடங்காத பையனை அடக்கும் வேலை அவருக்கு.

சிக்கனப் படம், ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அப்புறம், எதிர்பாராத ஒன்று: இயக்குநர் ஜான் ஃபாரோ, நடிகை மியா ஃபாரோவின் அப்பா.