‘உலாவி சார்ந்த வசதி’ சரியான சொல்லா?

கோத்தகிரியிலிருந்து:
அனைவருக்கும் வணக்கம். மலைப்பாதைப் பேருந்து நேரப் பக்கத்தை மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி அமைப்பதற்கான அணுகல் கையேட்டில், சில உலாவிகளில் மட்டும் ஓடுகிறவற்றை ‘உலாவி சார்ந்த வசதி’ என்று எழுதியிருக்கிறோம். உறுத்துகிறது. அப்படிப் பார்த்தால் புத்தகக்குறிகூட உலாவி சார்ந்த வசதிதான். ‘தனியுலாவி வசதி’ என்று வைக்கலாமா?

குன்னூரிலிருந்து:
‘தனி’ வேண்டாம் அண்ணா. தடம் பதியாமல் உலாவுவதோடு குழம்பும். ‘ஓருலாவி வசதி’ இலக்கணத்துக்கு அழகு, ஆனால் உண்மையில்லை. சஃபாரியின் உள்ளியந்திரமான வெப்கிட்டின் பெயரை முன்னொட்டாகக் கொண்ட சிஎஸ்எஸ் (பக்கத் தோற்றத்தை வரையறுக்கும் மொழி) பண்புகளைச் சஃபாரி மட்டுமா ஏற்கிறது? குரோம் ஏற்கிறது, 2016இல் ஃபயர்ஃபாக்ஸும் சிலவற்றை ஏற்கத் தொடங்கியது. ‘உலாவி வழக்கு’ எப்படி? வட்டார வழக்கு மாதிரி: ஓரிடத்தில் புரியும், பக்கத்து ஊருக்குப் பரவும், சிலது பொதுவழக்காகவே ஆகிவிடும்.

உதகையிலிருந்து:
உவமை பொருந்துகிறது, சொல்தான் இடிக்கிறது. உலாவி வழக்கு என்றதும் எனக்கு நினைவு வந்தது 1998இல் மைக்ரோசாஃப்ட் மீது அமெரிக்க அரசு போட்டது! ‘வட்டாரக்கூறு’ என்போம், எதிர்ச்சொல் ‘பொதுக்கூறு’. பேச்சுத் தேடல் பத்தியில் போட்டுப் பார்த்தேன்:

“பேச்சறிதல் ஒரு வட்டாரக்கூறு. குரோமை மட்டும் நம்பி ஒலிவாங்கிப் பொத்தானை வைத்தால், ஃபயர்ஃபாக்ஸில் அது தெரியும், அழுத்தினால் ஒன்றும் நடக்காது. திரைவாசிப்பான் ‘பொத்தான்’ என்று படித்ததை நம்பி அழுத்தியவர் காத்துக்கொண்டே இருப்பார். ஆகவே முதலில் எழுத்துப்பெட்டியும் ‘தேடு’ பொத்தானும் மட்டும். பேச்சறிதல் இருக்கிறதா என்று ஜாவாஸ்கிரிப்ட் சோதித்த பின்பே ஒலிவாங்கியைச் சேர்க்கவும். உலாவியின் பெயரைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். குரோம் தளத்துக்கு அனுப்பும் அடையாள வரியில் மொசில்லா, சஃபாரி பெயர்களும் இருக்கும்.”

குன்னூரிலிருந்து:
வாக்கியத்தில் தடங்கலில்லாமல் உட்காருகிறது. ஆனால் சோதனை மட்டும் போதாது அக்கா. குரோம் வழக்கமாகக் குரலைச் சேவையகத்துக்கு அனுப்பித்தான் எழுத்தாக்குகிறது. பர்லியாறு பக்கம் சிக்னல் போனால் கூறு இருந்தும் பயனில்லை. பிழை வந்ததும் அதை எழுத்தில் சொல்லி, கர்சரை எழுத்துப்பெட்டிக்கே திருப்ப வேண்டும்.

கோத்தகிரியிலிருந்து:
அப்போது மாற்றுரை, அதாவது படத்துக்குப் பதிலாகத் திரைவாசிப்பான் படிக்கும் விவரிப்பு? பழைய இன்டர்நெட் எக்ஸ்புளோரர், படத்தின் மேல் சுட்டியை வைத்தால் மாற்றுரையைக் குறிப்புப் பெட்டியில் காட்டும். அதை நம்பி, படத்தில் என்ன இருக்கிறது என்று எழுத வேண்டிய இடத்தில் ‘பெரிதாக்கச் சொடுக்கவும்’ என்று எழுதினார்கள். பார்வையற்றவருக்குப் படம் போயே போச்சு. இது வட்டாரக்கூறா?

உதகையிலிருந்து:
மாற்றுரை பொதுக்கூறு, அதைக் குறிப்புப் பெட்டியில் காட்டியதுதான் வட்டாரம். அணுகுவிசையும் (ஒரு பொத்தானுக்கோ இணைப்புக்கோ தரும் விசைப்பலகைக் குறுக்குவழி) அப்படித்தான். பண்பு ஹெச்டிஎம்எல் தரத்தில் உண்டு. ஆனால் விண்டோஸ் குரோமில் ஆல்ட் சேர்த்து அழுத்த வேண்டும், ஃபயர்ஃபாக்ஸில் ஆல்ட்டும் ஷிஃப்டும், மேக்கில் கன்ட்ரோலும் ஆப்ஷனும். பக்கத்தில் “ஆல்ட் + 1 அழுத்துக” என்று எழுதினால் பாதிப் பேருக்குப் பொய்யாகும். இதற்கு வேறு சொல் வேண்டும். ‘வட்டார நடத்தை’?

குன்னூரிலிருந்து:
‘வட்டார ஒலிப்பு’ என்று சொல்ல ஆசை. சொல் ஒன்று, உச்சரிப்பு வேறு. ஆனால் திரைவாசிப்பான் பற்றிய கையேட்டில் ஒலிப்பு என்றால் வேறு அர்த்தம் வந்துவிடும். நடத்தையே இருக்கட்டும்.

கோத்தகிரியிலிருந்து:
சரி, ஏற்றுகிறேன். முதல்முறை வருமிடத்தில் மட்டும் ‘உலாவி வட்டாரக்கூறு’ என்று முழுதாக. அணுகுவிசையை வட்டாரக்கூறு பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன்.