விற்பனைத் தரவு கையில் இருந்தும் தீர்மானம் பிந்துகிறது: வணிக நுண்ணறிவு உதவுமா?

மொத்தக்கடை, திருகோணமலை:
உப்புவெளி, நிலாவெளிப் பகுதி விடுதிகளுக்குக் குடிநீர்ப் போத்தல், பால்மா, சவர்க்காரம் போன்றவற்றை மொத்தமாக வழங்குகிறோம். கடல் அமைதியாக இருக்கும் மே முதல் செப்டெம்பர் வரையான மாதங்களிலேயே எங்கள் வருமானத்தின் பெரும்பகுதி வருகிறது. எல்லா விற்பனையும் கணினியில் பதிவாகின்ற போதிலும், எந்தப் பொருள் தேங்குகிறது என்பதை மாத முடிவில் கணக்காளர் அறிக்கை தந்த பின்னரே அறிகிறோம். சென்ற பருவ முடிவில் பால்மாப் பெட்டிகள் காலாவதியானது அப்படித்தான். பதிவான தரவைத் திரட்டி, ஆராய்ந்து, அறிக்கையாகவும் வரைபடமாகவும் திரையில் காட்டும் வணிக நுண்ணறிவு (Business Intelligence) மென்பொருளைப் பொருத்தினால் விரைந்து மாறிக்கொள்ளலாம் என்கிறார்கள். ஒன்பது பேர் வேலை செய்யும் கடைக்கு இது பொருந்துமா?

தரவு ஆய்வாளர்:
ஐபிஎம் கணினி நிறுவனத்தின் ஆய்வாளர் ஹான்ஸ் பீட்டர் லூன் 1958இல் ‘வணிக நுண்ணறிவு’ என்ற சொல்லை எடுத்தாண்டபோது, தகவல்களுக்கு இடையிலான தொடர்பைச் செயலுக்கு வழிகாட்டும் வகையில் விளங்கிக்கொள்ளும் திறனையே நுண்ணறிவு என்றார். செயல் இல்லையென்றால் வண்ண வரைபடங்கள் சுவருக்குத்தான் அழகு. ஒரு நிகழ்வுக்கும் அதற்கான நடவடிக்கைக்கும் இடையே மூன்று தாமதங்கள் உண்டு: தரவு வந்துசேரும் தாமதம், அதை ஆராயும் தாமதம், தீர்மானம் எடுக்கும் தாமதம். மென்பொருள் முதல் இரண்டையும் குறைக்கும். மூன்றாவது உங்கள் கையில் உள்ளது. ஐந்தாம் திகதி விற்பனை சரிவதை ஆறாம் திகதியே திரையில் கண்டாலும், கொள்வனவுக் கட்டளையை மாற்றும் அதிகாரம் யாருக்கும் இல்லையெனில் பால்மா மறுபடியும் காலாவதியாகத்தான் செய்யும்.

முன்னாள் களஞ்சியப் பொறுப்பாளர்:
மென்பொருளுக்குப் பணம் கொடுக்கும் முன் பொருட்பெயர்களைச் சரிபாருங்கள். நான் வேலை செய்த இடத்தில் ஒரே ஒன்றரை லீற்றர் போத்தல் மூன்று பெயர்களில் பதிவாகியிருந்தது. ஒன்றில் கையிருப்பு தீர்ந்ததாகவும் இன்னொன்றில் தேங்கியதாகவும் கணினி காட்டியது. பெயர்களைத் திருத்த இரண்டு மாதம் சென்றது, அறிக்கையை வடிவமைக்க ஒரு வாரமே போதுமாக இருந்தது. தொடக்கத்துக்கு, பதிவுகளைப் பொருள்வாரியாகவும் மாதவாரியாகவும் தொகுத்துக் காட்டும் எக்செல்லின் பிவட் அட்டவணையே தாராளம். மைக்ரோசொஃப்ட்டின் வணிக நுண்ணறிவு மென்பொருளான பவர் பிஐ டெஸ்க்டொப்பையும் இலவசமாகத் தரவிறக்கலாம்.

விடுதி உரிமையாளர், நிலாவெளி:
எனக்கு இதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. 2019 ஏப்ரலில் குண்டுகள் வெடிக்கும் என்று எந்தப் பழைய தரவு சொல்லியது? 2022இல் எரிபொருள் வரிசையில் நின்றபோதும் அப்படியே.

தரவு ஆய்வாளர்:
முன்கூட்டிச் சொல்லாது, அது உண்மை. ஆனால் அதே 2019ஐ இரண்டு விதமாகப் பாருங்கள். நாட்டுக்கு வந்த வெளிநாட்டுப் பயணிகள் 2018இல் 23 இலட்சத்துக்கும் மேல், 2019இல் சுமார் 19 இலட்சம். ஆண்டுக் கணக்கில் அது ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவான வீழ்ச்சி. மே மாதத்தை மட்டும் எடுத்தால், முந்தைய மே மாதத்தில் வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கினர்கூட வரவில்லை. ஆண்டறிக்கைக்குக் காத்திருந்தவர் தாம் விழுந்த பள்ளத்தையே காணமாட்டார். இன்னொன்று, விற்பனை என்பது நடந்து முடிந்த கதை. கடைக்காரர் ஒவ்வொரு திங்கட்கிழமையும் விடுதிகளிடம் அடுத்த இரு வாரங்களுக்கு எத்தனை அறைகள் பதிவாகியுள்ளன என்று கேட்டு, அந்த எண்ணைத் தம் விற்பனைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், மாற்றம் கடை வாசலுக்கு வரும் முன்பே தெரியும்.

விடுதி உரிமையாளர், நிலாவெளி:
அந்த எண்ணைச் சும்மா தர மாட்டோம் ஐயா. பொருளுக்குத் தட்டுப்பாடு வரும்போது எங்களுக்கு முதலில் ஒதுக்கித் தந்தால் தருவோம்.

மொத்தக்கடை, திருகோணமலை:
அது நியாயமான பேரம். மூன்றாவது தாமதத்தைப் படித்தபோது சிரிப்பு வந்தது, ஏனெனில் எங்கள் கடையில் அதன் பெயர் அப்பா. அவர் கையொப்பமிடாமல் எந்தக் கட்டளையும் போகாது, அவரோ வாரத்தில் மூன்று நாட்கள் தோட்டத்தில் இருப்பார். பால்மாவுக்கும் தண்ணீருக்கும் மட்டும் ஒரு வரம்புக்குள் மேற்பார்வையாளரே கட்டளையை மாற்றலாம் என்று நேற்றிரவு அவரிடம் சம்மதம் வாங்கிவிட்டேன். பொருட்பெயர்களைத் திருத்தும் வேலை நாளை தொடங்குகிறது.