சகோதரர்களே, கொஞ்சம் வழி சொல்லுங்கள்

சபையில் ஆண்கள் ஐந்து பேர் வாரம் ஒருமுறை கூடி ஜெபிக்கிறோம். எட்டு மாதம் ஆகிறது. ஜெபக் குறிப்பு கேட்டால் வேலை, பிள்ளைகளின் படிப்பு, யாரோ ஒருவர் அம்மாவின் முழங்கால் வலி. அதைத் தாண்டி ஒருவரும் வாய் திறப்பதில்லை. நானும்தான். வீட்டில் மனைவியிடம் கத்திவிட்டு வந்து, கூட்டத்தில் சாந்தகுணத்தைப் பற்றிப் பேசியவன் நான். இரவில் கைபேசியில் எதைப் பார்க்கிறேன் என்பது எனக்கும் கர்த்தருக்கும் மட்டும்தான் தெரியும்.

வேதத்தில் யாக்கோபு 5:16 குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிடச் சொல்கிறது. அப்போஸ்தலன் பவுலே தன் பலவீனத்தை மறைக்கவில்லை. மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி 1738-இல் சிறு குழுக்களுக்கு எழுதிய விதிகளில், போன சந்திப்புக்குப் பிறகு என்ன பாவம் செய்தாய், எந்தச் சோதனையைச் சந்தித்தாய் என்று வாராவாரம் நேராகவே கேட்கச் சொல்கிறார். படிக்க நன்றாக இருக்கிறது, செய்யப் போனால் தொண்டை அடைக்கிறது.

இப்படிப்பட்ட குழுவில் இருப்பவர்கள் சொல்லுங்கள்: முதலில் வாய் திறந்தது யார், எப்படி? சொன்னது வெளியே போகாமல் எப்படிப் பார்த்துக்கொண்டீர்கள்? (முன்பு வேறொரு குழுவில் ஒருவர் அழுது சொன்னது, மறுவாரமே 'ஜெப விண்ணப்பமாக' எல்லார் காதுக்கும் போய்விட்டது. என் பயத்தில் பாதி அதுதான்.) அப்புறம், மனைவியிடம் முதலில் சொல்வதா, குழுவிலா?

"ஜெபம் பண்ணுங்க பிரதர்" என்று மட்டும் எழுதாதீர்கள். அதைச் செய்துகொண்டுதான் இருக்கிறேன். அடுத்த கூட்டம் சனிக்கிழமை.