டிரைவர் வலப்பக்கமே போய் விழுகிறது, எந்த அண்டர்ஸ்டேபிள் வாங்கலாம்?

கூடைதேடி: அவசரம். சனிக்கிழமை ஆபீஸ் ஆட்களோடு சாண்டா குரூஸ் டெலவேகா மைதானத்துக்குப் போகிறேன். டிஸ்க் கால்ஃப் (தட்டைக் கூடையில் எறியும் ஆட்டம்) தொடங்கி இரண்டு மாதம்தான் ஆகிறது. எவ்வளவு பலமாக எறிந்தாலும் டிரைவர், அதாவது தூரம் எறியும் தட்டு, வலப்பக்கம் சாய்ந்து பொத்தென்று விழுகிறது. புதியவர்களுக்கு அண்டர்ஸ்டேபிள் (வேகமாகப் போகும்போது எளிதில் திரும்பும் தட்டு)தான் சரி என்று கடையில் சொன்னார்கள். எது? ஒரே ஒரு பெயர் போதும்.

காற்றுவாக்கு: இப்போது இருப்பது என்ன டிஸ்க்? எத்தனை கிராம்? எத்தனை அடி போகிறது? பேக்ஹேண்டா, ஃபோர்ஹேண்டா?

மலைமுகடு: வலப்பக்கம் போகிறது என்றால் உங்களிடம் இருப்பதே அண்டர்ஸ்டேபிள்தானே! இன்னொன்று வாங்கினால் இன்னும் ஓடும். ஃபயர்பேர்ட் எடுங்கள், கோடு போட்ட மாதிரி திரும்பி வரும்.

சங்கிலிச்சத்தம்: தட்டில் குறையில்லை, மணிக்கட்டில்தான். விடும்போது கை உருளுகிறது. எனக்கு ஒரு வருடம் இதே தொல்லை. தட்டு கிளம்பும்போது தள்ளாடுகிறதா என்று பாருங்கள்.

முதல்கூடை: வாரம் தவறாமல் இதே கேள்வி. இரண்டு மாதத்தில் டிரைவர் எதற்குத் தம்பி? முதலில் கிட்டத்துக்கான பட்டரையும் நடுத்தூரத்துக்கான மிட்ரேஞ்சையும் நேராக எறியுங்கள். தட்டில் நாலு எண் இருக்கும்: வேகம், மிதப்பு, டர்ன் (வேகத்தில் திரும்புவது), ஃபேட் (வேகம் அடங்கியதும் எதிர்ப்பக்கம் சாய்வது). மூன்றாவது எண் எவ்வளவு மைனஸோ அவ்வளவு அண்டர்ஸ்டேபிள். இதுகூடத் தெரியாமல் கடைக்குப் போனால் லாபம் யாருக்கு?

கூடைதேடி: டெஸ்ட்ராயர், 175 கிராம், நண்பர் கொடுத்தது. பேக்ஹேண்ட். 180 அடி போனால் பெரிது. தள்ளாட்டம் இல்லை.

காற்றுவாக்கு: அது 12/5/-1/3. 180 அடிக்காரர் கையில் அது இடப்பக்கம்தான் விழ வேண்டும். நீங்கள் இடக்கையா?

கூடைதேடி: ஆமாம். அது முக்கியமா?

மலைமுகடு: ஐயா சாமி! ஃபயர்பேர்ட் வாங்கிவிடாதீர்கள், இடக்கையில் இன்னும் வலப்பக்கம் இழுக்கும்.

காற்றுவாக்கு: அதுதானே எல்லாம். வலக்கைக்காரர் பேக்ஹேண்டில் எறிந்தால், மேலிருந்து பார்க்க, தட்டு கடிகார முள்ளைப் போலச் சுற்றும். வேகம் அடங்கியதும் இடப்பக்கம் சாயும். உங்களுக்குச் சுற்று தலைகீழ், அதனால் வலப்பக்கம். டெஸ்ட்ராயர் கேட்கும் வேகம் உங்கள் கையில் இன்னும் வரவில்லை. அதனால் டர்ன் என்பதே நடக்காமல் நேரே ஃபேடில் இறங்கிவிடுகிறது. கடையில் சொன்னது சரிதான். லெப்பர்ட் 6/5/-2/1, டைமண்ட் 8/6/-3/1. இரண்டில் எதுவானாலும் 150 கிராம் சுற்றுவட்டாரத்தில் எடுங்கள். டர்ன் -5 என்று மயங்கி மாம்பா பக்கம் போகாதீர்கள், அதன் வேகம் 11, விளிம்பும் அகலம். ஒரே பெயர் கேட்டீர்களே: டைமண்ட்.

சங்கிலிச்சத்தம்: என் ஓட்டு லெப்பர்டுக்கு, அதுவும் மலிவான டிஎக்ஸ் பிளாஸ்டிக்கில். மரத்தில் நாலு முறை அடித்தால் தேய்ந்து இன்னும் அண்டர்ஸ்டேபிள் ஆகிவிடும், புதியவருக்கு லாபம்.

முதல்கூடை: டெலவேகா மரங்களுக்கு டிஎக்ஸா? விளிம்பு பல்லுப் பல்லாய்ப் போகும். சாம்பியன் பிளாஸ்டிக் வருடக்கணக்கில் உழைக்கும்.

சங்கிலிச்சத்தம்: விலையையும் சொல்லுங்கள் சார். டிஎக்ஸ் தொலைந்தால் மனசு வலிக்காது.

முதல்கூடை: தொலைக்காமல் எறியப் பழகலாமே.

சங்கிலிச்சத்தம்: போன மாதம் குளத்தில் இறங்கித் தட்டு தேடியது யார் என்று எல்லோருக்கும் தெரியும்.

மலைமுகடு: சண்டைக்கு நடுவில் ஒன்று. எதிர்க்காற்று அடித்தால் லேசான அண்டர்ஸ்டேபிள் கவிழும், உங்களுக்கு இடப்பக்கமாக. டெலவேகாவின் 27ஆம் டீயில் (எறியும் இடம்) கீழ்நோக்கி எறியும்போது கவனம். என்னை நம்பலாம், இந்த முறை திசை சரிதான்.

கூடைதேடி: டைமண்டே வாங்கினேன், 154 கிராம். ஏறக்குறைய 220 அடி, நேராக! அப்புறம் 27இல் காற்று. இடப்பக்கம் கவிழ்ந்து மரங்களுக்குள் போய்விட்டது. அரை மணி நேரம் தேடினோம், கிடைக்கவில்லை.

சங்கிலிச்சத்தம்: டிஎக்ஸ் என்று சொன்னேனே.