பிசின் ஊற்றி அடைத்த சிடிஐயைத் திறந்து சரிசெய்ய முடியுமா?

இரும்புக்குதிரை:
ஏசி சிடிஐ (பேட்டரி இல்லாம இன்ஜின் காயில்ல இருந்தே கரண்ட் எடுத்து ஸ்பார்க்கைக் கொடுக்கிற பெட்டி) வச்ச சிங்கிள் சிலிண்டர் பைக். காலையில ஒரே உதையில ஸ்டார்ட் ஆகுது. பத்து நிமிஷம் ஓடினதும் ஸ்பார்க் போய் நின்னுடுது, அரை மணி நேரம் ஆறவிட்டா மறுபடி ஓடுது. பிளக்கும் கேப்பும் புதுசு. சிடிஐ முழுக்கக் கறுப்புப் பிசின். இந்த மாடலுக்குப் புது பீஸ் வர்றதும் நின்னுபோச்சு. பிரிக்கவே முடியாதுன்னு எல்லாரும் சொல்றாங்க. வழி இருக்கா?

காயில்கட்டு:
பிரிக்கலாம். ஆனா கோளாறு சிடிஐயிலதான்னு உறுதி பண்ணாம கை வைக்காதீங்க. எக்ஸைட்டர் காயில் (சிடிஐக்குக் கரண்ட் தர்றது), பல்சர் காயில் (ஸ்பார்க் விடுற நேரத்தைச் சொல்றது) ரெண்டுமே சூட்டில் இதே மாதிரி படுக்கும். வண்டி நின்ன கையோட கப்ளரை (ஒயர்கள் சேரும் சொருகியை) கழட்டி ரெண்டு காயிலுக்கும் மல்டிமீட்டரில் ஓம் பாருங்க, ஆறினதும் திரும்பப் பாருங்க. செம்புக் கம்பியில் 10 டிகிரி சூட்டுக்குச் சுமார் 4 சதவீதம் ஓம் கூடும். அதனால சூட்டில் கால் பங்கு ஏறியிருந்தா பரவாயில்லை. ஓப்பன்னு, அதாவது கம்பி அறுந்த மாதிரி, காட்டினா காயில் போச்சு.

அப்புறம் இன்ஜினை நிறுத்துற கில் ஸ்விட்ச் ஒயர். ஏசி சிடிஐயில அது எர்த் ஆனா ஸ்பார்க் நின்னுடும். இன்சுலேஷன் தேய்ஞ்சு ஃபிரேமைத் தொட்டாலே போதும். அந்த ஒரு ஒயரை மட்டும் கழட்டிட்டு மெயின் ஸ்டாண்டில் ஓடவிடுங்க. அப்போ சாவியைத் திருப்பினா இன்ஜின் நிக்காது. பின் பிரேக்கை அழுத்தி, கியர் போட்டு கிளட்ச்சை விட்டு அமர்த்தணும்.

இதெல்லாம் சரின்னா, ஐட்லிங்கில் ஹேர் டிரையரால சிடிஐயை மட்டும் சூடாக்குங்க. நின்னா அதைத் திறங்க.

சால்டர்கை:
முழுப் பிசினையும் தோண்ட வேண்டாம். கப்ளர் பின்கள் போர்டில் சேரும் இடத்தில் ஆரம்பியுங்க. ஒயர் இழுப்பும் அதிர்வும் அங்கேதான் விழும். ஹீட் கன்னில் 80-100 டிகிரி போதும், அதுக்கு மேல போனா உள்ளே இருக்கிற ஃபிலிம் கெப்பாசிட்டர் கெடும். இளகினதும் மூங்கில் குச்சியால சுரண்டுங்க. ஸ்க்ரூடிரைவர் போட்டா டிராக் அறுந்துடும். மாஸ்க் அவசியம், ஜன்னலும் திறந்திருக்கணும்.

கெப்பாசிட்டர் 200 வோல்ட்டுக்கு மேல சார்ஜ் பிடிக்கிற சாமான். தொடுறதுக்கு முன்னால அதன் கால்களுக்கு நடுவே 10 கிலோ ஓம் ரெசிஸ்டரைச் சில நொடி வச்சு இறக்குங்க.

லென்ஸில் பின்னைச் சுத்தி முடி கனத்துக்கு ஒரு கறுப்பு வளையம் தெரிஞ்சா அதுதான் விரிசல். சூட்டில் பிசின் விரியும்போது அது வாய் திறக்கும், ஆறினா மூடிக்கும். பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்துட்டு ஃப்ளக்ஸ் தடவி, 60/40 (வெள்ளீயம்/காரீயம்) ஈயத்தில் 350 டிகிரி சால்டரிங் முனையை மூணு நொடி வைங்க.

விரிசல் இல்லைன்னா கெப்பாசிட்டர். அதில் 105ன்னு இருந்தா 1 மைக்ரோ ஃபாரட். அதே மதிப்பில் 630 வோல்ட் பாலிப்ரொப்பிலீன் போடுங்க, எலக்ட்ரோலிட்டிக் கூடவே கூடாது. எஸ்சிஆர் (கெப்பாசிட்டர் சார்ஜைத் திறந்துவிடுற மின்னணு ஸ்விட்ச்) மாத்தினா, அதைத் திறக்கத் தேவையான கேட் கரண்ட்டை ஒப்பிடுங்க. பிடி151ங்கிற எஸ்சிஆருக்கு 15 மில்லி ஆம்ப் வரை தேவைப்படும். பழையது மைக்ரோ ஆம்பில் திறக்கிற வகைன்னா கிக்கர் வேகத்தில் ஸ்பார்க் வராது.

இரும்புக்குதிரை:
எர்த் பின்னில் அந்த வளையம் இருந்துச்சு. ஈயம் வச்சதும் வண்டி சூட்டில் நின்னுபோகலை. திரும்ப எபாக்சி ஊத்தவா?

சால்டர்கை:
வேண்டாம், மறுபடி திறக்க வேண்டி வந்தா கஷ்டம். நியூட்ரல் க்யூர் சிலிகான் போடுங்க. வினிகர் வாசம் வர்ற சிலிகான் செம்பை அரிக்கும். 2 மில்லிமீட்டர் படலமா போட்டு, ஒவ்வொண்ணும் ஒரு நாள் காயட்டும், மொத்தமா ஊத்தினா அடியில் ஈரமாவே நிக்கும். ஒயரை ஃபிரேமில் டை போட்டுக் கட்டுங்க, இழுப்பு பின்னுக்குப் போகக்கூடாது.